சட்டைக்குள் கட்டிய பெல்ட்

அருள்ஜோதி அத்தை காலையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் இடுப்பு வலிக்கான பெல்ட்டைக் கட்டுவார். எங்கள் தெருவில் ஆள் உள்ளே இருக்கும்போது யாரும் கதவைச் சாத்துவதில்லை. அதனால் அந்தக் கதவு எல்லோர் கண்ணிலும் பட்டது. "சேத்துல எறங்கப் போற பொம்பளைக்குக் கதவைச் சாத்திக்கிட்டு என்ன சிங்காரம்?" என்று குழாயடியில் கேட்டார்கள். அத்தை சிரித்துவிட்டு வந்துவிடுவார். அவர்கள் சிங்காரம் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

உள்ளே கணவரின் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வயிற்றை எக்கிப் பிடித்து, பெல்ட்டின் இரண்டு பட்டைகளையும் இழுத்து ஒட்டுவார். அதன் மேல் சேலை. சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை. நடவுக்குப் போகிற பெண்கள் எல்லோருமே வெயிலுக்கும் சேற்றுக்குமாக ஆண்கள் சட்டை போடுகிறவர்கள்தான். அதனால் சட்டைக்குள் ஒரு பெல்ட் இருப்பது வெளியே தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அத்தைக்கு அந்தக் கோடை முழுவதும் இருந்த கவலை. தெரிந்தால் காத்தாயியின் நடவுக் கூட்டத்தில் இடம் போய்விடும். இடம் போனால் திருப்பூருக்குப் போக வேண்டும்.

இது புரிய வேண்டுமானால் வலி வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

அத்தைக்கு நாற்பத்து நான்கு வயது. பூதலூர்ச் சுற்று வட்டாரத்தில் நடவு, களை, அறுப்பு என்று பாவாடை கட்டிய வயதிலிருந்து குனிந்தே வேலை செய்தவர். ஒரே மகளை மன்னார்குடியில் கட்டிக்கொடுத்தாயிற்று. கணவர் ரெமிஜியஸ் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பண்டல் கட்டுகிறார். பங்குனியில் உளுந்து பறிக்கப் போன இடத்தில், பிடுங்கிய செடிகளைக் கட்டாகத் தூக்கி நிமிர்ந்தபோது அத்தைக்கு இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, திரும்பக் குனியவும் முடியவில்லை. பாதியில் அப்படியே நின்றார். வாயுப்பிடிப்பு என்று சொல்லிச் சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். தைலம், தவிட்டு ஒத்தடம், ஊசி எல்லாம் ஆயிற்று. ஊசி போட்ட அன்றைக்கு நன்றாக இருக்கும். மறுநாள் பாயிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது என்று சொல்லி பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே கயல்விழி என்று ஓர் இளம் பெண் இருந்தார்.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"நடவு."

"ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் குனிஞ்சிருப்பீங்க?"

"நிமிர்ற நேரத்தைக் கேளுங்க, சொல்லிடறேன்."

கயல்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார். "பெல்ட் எழுதித் தரேன். நிக்கும்போது, நடக்கும்போது, பஸ்ல போகும்போது, எதையாவது தூக்கும்போது கட்டிக்குங்க. படுக்கும்போது கழட்டிடணும். நாள் பூரா கட்டக் கூடாது. கட்டிக்கிட்டே இருந்தா உள்ள இருக்கற தசை, அதான் பெல்ட் இருக்கேன்னு சும்மா இருந்துக்கும். அப்புறம் பெல்ட் இல்லாம நிக்கவே பயமா இருக்கும். நான் காட்டற பயிற்சியையும் விடாம செய்யணும்."

"குனிஞ்சு நடும்போது கட்டிக்கலாம்ல?"

"குனியறதுக்கு ஏதும்மா பெல்ட்டு? குனிய விடாம பிடிக்கறதுக்குத்தான் அது."

அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இந்தக் கடைசிப் பதிலை மட்டும் ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

பூதலூர் கடைவீதியில் முகம்மது யூசுப்பின் மருந்துக்கடை. அவர் அளவு நாடாவை அத்தை கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை சேலைக்கு மேலேயே சுற்றி அளந்து சொன்னார். கேட்டுவிட்டு அவர் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, பெல்ட் உங்களுக்கா, உங்க சேலைக்கா? கொசுவத்தோட அளந்தா அடுத்த சைஸ் இல்ல, அதுக்கும் அடுத்த சைஸ் வருது. வீட்ல போய் ஒழுங்கா அளந்துட்டு வாங்க." மறுநாள் அத்தை ஒரு வாழைநாரை இடுப்பில் சுற்றி, முனை சேர்கிற இடத்தில் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோனார். யூசுப் அந்த நாரை நாடாவோடு வைத்துப் பார்த்துப் பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார். உடம்பு நிறத்தில் அகலமாக இருந்தது. முதுகுப் பக்கம் வரும் இடத்தில் உள்ளே கம்பிகள்.

முதல் தடவை கட்டியபோது யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்த மாதிரி இருந்ததாம். குழாயடியிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பெஞ்சைப் பிடிக்காமல் முழங்காலிட்டு எழுந்தார். அத்தை அந்த வாரம் யாரிடமும் எதற்கும் எரிந்து விழவில்லை.

அப்புறம் கழற்றுவது குறைந்துபோனது. சமைக்கும்போது இருந்தது, சாப்பிடும்போது இருந்தது, பிறகு படுக்கும்போதும் இருந்தது. தரையில் படுத்து இடுப்பைத் தூக்குகிற பயிற்சியை ஒரு நாள் செய்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டது. அதோடு பயிற்சி நின்றது. வயிற்றில் வேர்க்குரு வந்து பட்டை பட்டையாகச் சிவந்தது. கழற்றினால் இடுப்பு கட்டு அவிழ்ந்த வைக்கோல் மாதிரி சரிந்துவிடும் போலிருக்கிறது என்று அத்தை சொன்னார். வைகாசி முடிவதற்குள் பெல்ட் இல்லாமல் ஒரு குடம் தூக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டார். கயல்விழி சொன்னது நடந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் அவிழ்த்துவிட்டு வலியோடு இருந்து பார்க்கக் குறுவை நடவு நாள் விடவில்லை.

ரெமிஜியஸ் மாமா போன் செய்வார்.

"இடுப்பு எப்படி இருக்கு?"

"இருக்கற எடத்துலதான் இருக்கு."

"கிண்டல் வேணாம் அருளு. முடியலைன்னா பேசாம இங்க வந்துடு. செக்கிங்ல சொல்லி வெச்சிருக்கேன். உக்காந்த வேலை."

"குறுவை நடவுக்குப் போவேங்க."

"காத்தாயி கூப்புடுவாளா?"

"ஏன் கூப்புடாம? நான் நட்டா கோணலா வருதா?"

"கூப்புட்டா போ. கூப்புடலைன்னா பொட்டியக் கட்டு. அங்க தனியாக் கெடந்து ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்குறது?"

மாமா கெட்டவர் இல்லை. அவர் சொல்வதில் தப்பும் இல்லை. ஆனால் அத்தை ஒரு முறை அங்கே போய்த் தங்கியிருக்கிறார். ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். யார் தட்டினாலும் திறக்காதே என்று சொல்லிவிட்டு மாமா வேலைக்குப் போவார். அவர் திரும்பி வரும்வரை அத்தை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பேச்சுக்கு ஆள் இல்லை. நடவில் பேசிக்கொண்டே, ஒருத்தியை ஒருத்தி வைதுகொண்டே பொழுது போக்கிய பெண்மணிக்கு அந்த அறை மூச்சு முட்டியது. ஊருக்குத் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழியில் கண்ட எல்லோரிடமும் நின்று பேசிவிட்டுத்தான் வீட்டுக்கே வந்தார்.

காத்தாயி எங்கள் பகுதியில் நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர். ஏக்கர் கணக்கில் பேசி எடுப்பார். வந்த பெண்கள் எல்லோருக்கும் சரிசமப் பங்கு. அதனால் ஒருத்தி மெதுவாக நட்டால் அவள் பாக்கியை மற்றவர்கள் நட்டுத் தீர்க்க வேண்டும். முன்பு அப்படி நடந்தால் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். இப்போது பெரிய வயல்களுக்கு நடவு மெஷின் வந்துவிட்டது. வடநாட்டு ஆட்கள் கூட்டமாக வந்து ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகிறார்கள். மிஞ்சுவது மெஷின் இறங்கச் சிரமப்படும் சேற்று வயல்களும் கோணல் மூலைகளும்தான். அதையும் சுணங்காமல் முடித்தால்தான் அடுத்த வருஷம் கூப்பிடுவார்கள். காத்தாயி யாரையும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை. போன வருஷம் மூட்டு வலி என்று வாய் தவறிச் சொன்ன ஒருத்திக்கு மறுநாளிலிருந்து போன் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆற்றில் தண்ணீர் வந்தது. வாய்க்கால் நிறைந்தது. அத்தைக்குப் போன் வந்தது.

முதல் நாளே தெரிந்துவிட்டது. நடவு என்பது முழங்காலை மடக்காமல் இடுப்பை இரண்டாக மடிக்கிற வேலை. பெல்ட்டில் இருக்கும் கம்பி மடியாது. குனிந்தால் பெல்ட்டின் மேல் ஓரம் விலாவுக்குக் கீழே குத்தும், கீழ் ஓரம் தொடையில் வெட்டும். அத்தை கால்களை அகல வைத்து, பாதி உட்கார்ந்த மாதிரி நட்டார். அப்படி நட்டால் கை எட்டுகிற தூரம் குறைந்துவிடும், பின்னால் நகர்வதும் மெதுவாகும். சேறு உள்ளே போய் ஒட்டுப்பட்டையில் அப்பிக்கொண்டது. சாயங்காலம் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாலும் விடிவதற்குள் காயாது. ஈரத்தோடு கட்டிக்கொண்டு போனார். பிறகு பட்டை ஒட்டவே மறுத்தது. அதற்கு மேல் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"ஏன் யக்கா, இந்த வருஷம் கோலம் போடுற மாதிரி நடுற?" என்று பக்கத்தில் நட்ட ராஜாத்தி கேட்டார். ராஜாத்திக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் அதிகம், கையும் வேகம்.

"நாத்து முத்திப் போச்சுடி. வேர் பிரிய மாட்டேங்குது."

"ஒனக்கு மட்டும் முத்துன நாத்தாக் குடுக்குறாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார்.

அன்றைக்குக் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்த நாற்று முடிகளைத் தூக்கிப் போட ஆள் இல்லை. வழக்கமாக அதைச் செய்கிற அடைக்கலசாமி கட்டட வேலைக்குப் போய்விட்டார். அதனால் பெண்களே மாற்றி மாற்றிக் கரையேறி எடுத்து வந்தார்கள். வேலை தாமதமாகி எல்லோருக்கும் எரிச்சல். அந்த எரிச்சலைப் போக்கத்தான் ராஜாத்தி அந்த விளையாட்டை ஆரம்பித்தார்.

நடவு ஆட்கள் வரிசையாக நின்று பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஒருத்தி பின்தங்கினால், இரண்டு பக்கத்துக்காரிகளும் அவளைத் தாண்டிப் போய், அவள் முதுகுக்குப் பின்னால் குறுக்கே நாலைந்து வரிசை நட்டுச் சேர்த்துவிடுவார்கள். முன்னால் அவள் நட்டது, பக்கத்தில் மற்றவர்கள் நட்டது, பின்னாலும் நாற்று. நடுவில் அவள். இதைக் கூட்டில் போடுவது என்பார்கள். கூட்டில் விழுந்தவள் நட்டு முடித்துவிட்டு, பின்னால் இருக்கும் வரிசைகளை ஒரே தாவலில் தாண்டி வெளியே வர வேண்டும். சேற்றில் விழுந்து எழுந்தால் எல்லோருக்கும் கொண்டாட்டம். தாவ முடியாவிட்டால் தோற்றேன் என்று சொல்ல வேண்டும். அப்போது நாற்றைப் பிடுங்கி வழி விடுவார்கள். மிதித்துக்கொண்டு மட்டும் வர முடியாது. நட்ட நாற்றை மிதிப்பது சோற்றை மிதிப்பது மாதிரி. அத்தையே எத்தனையோ பேரைக் கூட்டில் போட்டிருக்கிறார். அவர் ஒரு நாளும் கூட்டில் விழுந்ததில்லை.

அத்தை திரும்பிப் பார்த்தபோது பின்னால் பச்சையாக இருந்தது.

"கூட்டுல கோழி! கூட்டுல கோழி!" என்று ராஜாத்தி கத்தினார். "தாவு யக்கா! எத்தனை தடவை என்னையக் கூட்டுல போட்டுருக்க, இன்னைக்கு என் மொறை!"

அத்தை தன் பங்கை நட்டு முடித்து மெதுவாக நிமிர்ந்தார். ஒரு காலைச் சேற்றிலிருந்து உருவினார். இடுப்பிலிருந்து குதிகால்வரை ஒரு வெட்டு இழுத்தது. காலைத் திரும்ப அதே குழியில் வைத்தார். பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் தாவிவிடலாம் என்று தோன்றியது. சட்டைக்குள் கையை விட்டுச் சேலையை விலக்கி முடிச்சைத் தேடினார். ஈரத்தில் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகம் உள்ளே போகவில்லை.

"உள்ள என்ன யக்கா தேடுற? சில்லறையா?"

"மாமன் சட்டையில லெட்டர் வெச்சிருக்காராம்டி!" என்று இன்னொருத்தி.

"தோத்தேன்னு சொல்லிடுக்கா, விட்டுடறோம்."

விளையாட்டுக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். ஆனால் காத்தாயி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளும் கூட்டில் விழாதவள் இன்றைக்கு ஏன் தாவவும் முடியாமல் நிற்கிறாள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றும். அத்தை மறுபடி முடிச்சைத் துழாவினார். மூச்சு நெஞ்சு வரைதான் இறங்கியது. பெல்ட் அதற்குக் கீழே விடவில்லை. தண்ணீரில் வெயில் கூசியது. சுற்றிலும் தான் மிதிக்க முடியாத நாற்று. சிரிப்பு ஒவ்வொருத்தியாக நின்றது.

காத்தாயி இறங்கி வந்தார். "என்னடி ஆட்டம் இது, வெயில் ஏறுது. தாவிட்டு வாடி அருளு."

"முடியலக்கா."

"என்ன முடியல?"

"பெல்ட் கட்டியிருக்கேன்."

யாருக்கும் புரியவில்லை. அத்தை சட்டையைத் தூக்கிக் காட்டினார். சேறு அப்பிய பெல்ட்டும் அதைச் சுற்றிய கயிறும் சேலை மடிப்புக்குள்ளிருந்து தெரிந்தன.

காத்தாயி ராஜாத்தியைப் பார்த்தார். "நீதானே நட்ட? நீயே புடுங்கு."

ராஜாத்தி பேசாமல் பிடுங்கிக்கொண்டே உள்ளே போனார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்று முடி அறுக்கிற கருக்கரிவாளை வாங்கிக் கயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே விட்டு அறுத்தார். கயிறு தெறித்ததும் பெல்ட் கழன்று சரிந்தது. அத்தை அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் பிடித்து வரப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

"எப்பலேருந்து?" என்று காத்தாயி கேட்டார்.

"பங்குனிலேருந்து."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா கூப்புட்டிருப்பியா?"

காத்தாயி வாய்க்காலில் கையைக் கழுவினார். "மாட்டேன்," என்றார். "ஒன்னய வெச்சுக்கிட்டு நான் எப்புடி வேலையக் கரையேத்துறது? மெஷின்காரன் ரோட்டுலயே நிக்கிறான். இன்னைக்கு முடிக்கலைன்னா நாளைக்கு அவன எறக்கிடுவாங்க."

"நான் போயிடறேன். ஆனா எனக்குப் போறதுக்கு எடம் திருப்பூர் ஒண்ணுதான்க்கா. அந்த ரூமுக்கு என்னால போக முடியாது."

அத்தை அழவில்லை. சொல்லிவிட்டுக் கரையில் குவிந்திருந்த நாற்று முடிகளைப் பார்த்தார். "குனியத்தான் ஆவாது. இதைக் கட்டிக்கிட்டு நிக்கலாம், நடக்கலாம், தூக்கலாம். ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க. ஒரு ஒரு முடியா நான் எடுத்துப் போடுறேன். நீங்க கரையேற வேணாம்."

"நிமிந்து நிக்கிறவளுக்கும் குனிஞ்சு கெடக்குறவளுக்கும் ஒரே பங்கா?" என்றார் ராஜாத்தி. கோபமாகக் கேட்கவில்லை. எல்லோர் மனதிலும் இருந்ததைத்தான் கேட்டார்.

"அப்ப நீ வந்து தூக்கு," என்றார் காத்தாயி.

ராஜாத்தி வயலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"குறுவை வரைக்கும்தான் அருளு," என்று காத்தாயி சொன்னார். "அடுத்து வர்ற சம்பா நடவுக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். அதுக்குள்ள ஒன் இடுப்பு என்ன சொல்லுதோ, மெஷின் என்ன சொல்லுதோ."

வாய்க்காலில் பெல்ட்டை அலசி, ராஜாத்தியே பிழிந்து கட்டிவிட்டார். இந்தத் தடவை சட்டைக்கு மேலேயே. பட்டை ஒட்டாததால் தன் தலைத்துண்டை அவிழ்த்து அதன் மேல் சுற்றினார். "மூச்சு விட முடியுதா யக்கா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சேற்றில் இறங்கிவிட்டார்.

அத்தை முழங்காலை மடக்கி உட்கார்ந்து ஒரு முடியை எடுத்து, நேராக எழுந்து, வரப்பில் நடந்து போய்ப் போட்டார். திரும்ப வந்து அடுத்ததை எடுத்தார். வலித்தது, ஆனால் முடிந்தது. மற்றப் பெண்களும் வேகமாக நட ஆரம்பித்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அத்தை நடவு நேரத்தில் நிமிர்ந்து நின்று வயலைப் பார்த்தார். இதுவரை நடவு என்றால் அவருக்குத் தன் கையும், சேறும், பக்கத்துக்காரியின் குரலும்தான். இப்போது வரிசையாக முதுகுகள் தெரிந்தன. எது யாருடைய முதுகு என்று சட்டையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வரிசையில் ராஜாத்தி ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். சிரிப்பு ஒரு முதுகிலிருந்து அடுத்த முதுகுக்குப் போய்க் கடைசிவரை போனது. குனிந்தவர்கள் பேசுவது தண்ணீரைப் பார்த்துப் பேசுவது. கரையில் நிற்பவருக்குக் காற்று அதைக் கொண்டுவரவில்லை.

"என்னடி சிரிப்பு?" என்று அத்தை கேட்டார்.

யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாக, "ஏய் ராஜாத்தி, என்னடி?" என்றார்.

ராஜாத்தி நிமிராமல் ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி விரலை ஆட்டினார். அவர் கையில் நாற்று தீர்ந்துவிட்டது. அத்தை அடுத்த முடியை எடுத்துக்கொண்டு போனார்.